தரிப்பிடம் பதினான்கு

எனக்குக் கார் இல்லை.
ஆனால் வெள்ளவத்தையில், கடலுக்கு இரண்டு ஒழுங்கை இப்பால்,
கார் நிற்பதற்கென்று எட்டடிக்குப் பதினாறடி
உறுதியில் எழுதி என் பெயரில் இருக்கிறது.

சிமெந்துக் கற்களைப் பெயர்க்க
ஒரு ஞாயிறும் கிரிசாந்தனின் அலவாங்கும் போதுமாயிருந்தன.
கீழே உப்பு மணல்.
ஃபிளாட்டின் முன்வாசலில் மூன்று தடவை புல் வாங்கி வைத்து
மூன்று தடவையும் கருகக் கொடுத்தது கொமிட்டி.
நான் தண்டவாளக் கரையில் பிடுங்கிய
ஒரு சாண் பொடுதலைக் கொடியை
கணு மண்ணில் படும்படி கிடத்தி
மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.
அவ்வளவுதான் விவசாயம்.

கணுவுக்குக் கணு கால் ஊன்றியது.
மாசிக்குள் வெள்ளைக் கோடு மறைந்தது,
பங்குனிக்குள் பதினான்கு என்ற இலக்கம்.
பூத்திருக்கிறது என்றால் குனிந்து பார்த்தவர்தான் நம்புவார்:
தீக்குச்சித் தலையளவில் ஒரு கருஞ்சிவப்பு,
சுற்றிவர வெள்ளைப் பொட்டுகள்,
ஒரு நாள் கழிந்தால் லேசாய் வெட்கம்.
அதற்குள்ளும் தேன் இருக்கிறதென்று
எந்த வண்ணத்துப்பூச்சி எதற்குச் சொல்லிற்றோ.

செயலாளர் ரட்ணகோபால் கடிதம் போட்டார்.
'வாகனத் தரிப்பிடத்தில் அங்கீகரிக்கப்படாத தாவரம்.
பெயரையும் நோக்கத்தையும்
ஏழு நாட்களுக்குள் எழுத்தில் அறியத் தரவும்.'

எழுத்தில்.

தொண்ணூற்றேழு ஆவணியில் என் கைப்பையில்
எண்ணெய் காய்ச்சும் விதம் எழுதிய ஒரு துண்டு இருந்தது.
காவலரண் வெளிச்சத்தில்,
மூன்று மாதம் தமிழ் படித்த அதிகாரி
விரல் வைத்து எழுத்துக் கூட்டினார்.
என் கையெழுத்தும் நல்லதில்லை,
பஸ்ஸில் இருந்து எழுதியது.
பொடு அவருக்கு விடு ஆனது.

'விடுதலை, ஒரு பிடி' என்று வாசித்தார்.
'நன்றாக அரைத்து
தேங்காயெண்ணெயில் இட்டு
சலசலப்பு அடங்கும்வரை காய்ச்சவும்.
ஆறியபின் வடித்து
போத்தலில் அடைக்கவும்.'

ஒருவரும் சிரிக்கவில்லை.
நானும்தான்.

வாங்கில் இருந்தேன் இரவு முழுக்க.
தலை கடித்தது. சொறியக் கையைத் தூக்கினால்
துவக்கும் கூடவே தூங்கி விழித்தது.
விடியப்புறம் முறை மாறி வந்த பெண் கான்ஸ்டபிள்
பையின் அடியிலிருந்து வாடிய கொத்தை எடுத்து
இலை நுனியை நகத்தால் வருடிப் பார்த்தாள்.
'ஹிரமனதெத்த' என்றாள் அதிகாரியிடம்.
திருவலைப் பல்.
தேங்காய் துருவும் அலகின் பல்லைத்தான்
அவளுடைய ஆட்கள் இந்த இலையில் கண்டிருக்கிறார்கள்.
பிறகு என்னைப் பார்த்துத் தன் தொப்பியைச் சற்றே உயர்த்தி
தன் தலையையும் ஒரு தரம் சொறிந்து காட்டினாள்.
சட்டையில் அவள் பெயர் குத்தியிருந்தது.
அந்த எழுத்து எனக்கு அப்போது வாசிக்கத் தெரியாது.

ஏழு நாட்களில் ஐந்து போய்விட்டன.
நேற்று ஆறாம் மாடிக் கலியாணவீட்டுக்கு வந்த வான் ஒன்று
இராமுழுக்கச் செடியின் மேலே நின்றது.
காலையில் இரண்டு சக்கரத் தடம்,
தடத்துக்குள் நசுங்கிய பச்சை வாசம்,
ஓரத்தில் வழமைபோல் பூச்சி.
நசுங்கியவற்றைப் பொறுக்கி
வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூவோடு சம்பல் போட்டேன்.
கொஞ்சம் கயர்ப்பு. தேசிக்காய் இரண்டு சொட்டுக் கூட விடவேண்டும்.
மிச்சம் எண்ணெய்க்கு.

சட்டி சலசலத்துக்கொண்டிருக்க
ரட்ணகோபாலுக்குப் பதில் எழுத இருந்தேன்.
நோக்கம்: தலை கடி, சம்பல், பூ.
பெயரை மூன்று மொழியிலும் எழுதினேன்,
சிங்களத்தை இப்போது நானே.
தமிழில் எழுதும்போதுதான் கை மெதுவானது.
முதல் எழுத்தின் கொம்பை விலக்கி,
காலை நீட்டி,
இடையில் பகரத்தைத் தனியே நிற்கவிட்டு,
எந்த வெளிச்சத்திலும் வேறொன்றாய்த் தெரியாதபடி
பொ என்று
பெரிதாக.